பாமினிக்குள் புதைந்த கட்டுரைகள்: ஒரு மீட்புக் குறிப்பு

நான் எழுத்துக் கோத்த கட்டுரையை நானே தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. வேலை அங்கேதான் தொடங்கியது.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பரமேஸ்வராச் சந்தியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் எனக்கு ஒரு சின்னத் தட்டச்சுக் கடை இருக்கிறது. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை 2002இல் திறந்த பிறகு கொழும்பிலிருந்து இறக்கிய ஒரு பழைய கணினியும் ஓர் அச்சுப்பொறியுமாகத் தொடங்கினேன். ஆய்வேடு, சஞ்சிகை, கலியாணப் பத்திரிகை, அந்தியேட்டிக் கல்வெட்டு (இறந்தவர் நினைவாக அச்சிடும் புத்தகம்) என்று எது வந்தாலும் கோத்துக் கொடுப்பேன். புவியியல் படிப்பித்து ஓய்வுபெற்ற சேர் ஒருவர் அந்த நாளிலிருந்தே என் வாடிக்கையாளர். தன் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருடைய பெயர் ஊருக்கெல்லாம் தெரிய வேண்டும் என்று பாடுபட்ட வேலையைப் பற்றி எழுதும்போது இது வேடிக்கைதான். சேர் என்றே எழுதுகிறேன்.

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முந்திய கிழமை ஒரு சீலைப்பையுடன் வந்து கதிரையில் இருந்தார். "பிள்ளை, பேராதனையில் படிக்கும் ஒரு மாணவி தொலைபேசியில் கேட்கிறாள், வலிகாமத்துக் கிணற்று நீரைப் பற்றித் தமிழில் ஒருவரும் எழுதவில்லையா என்று. நான் ஒன்பது கட்டுரை எழுதியிருக்கிறேன். ஒன்றும் அகப்படவில்லையாம்" என்றார்.

எனக்குக் கொஞ்சம் ரோசம் வந்தது. அந்த ஒன்பதில் ஆறு நான் கோத்தவை. அவற்றில் ஒன்று வந்த சஞ்சிகையின் பழைய இதழ் இணையத்தில் கிடப்பதும் எனக்குத் தெரியும். கட்டுரைத் தலைப்பை எழுத்துப் பிசகாமல் தட்டித் தேடினேன். இல்லை. மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினேன். அப்போதும் இல்லை. நேரே சுட்டியைத் திறந்தால் கோப்பு இருக்கிறது. என் பக்க அமைப்பு, நான் போட்ட பூவேலைக் கோடு, எல்லாம் அப்படியே இருக்கின்றன. கண்ணுக்குத் தெரிகிறது, தேடுபொறிக்குத் தெரியவில்லை.

கோப்பிலிருந்து ஒரு வரியைப் பிரதி எடுத்து வெறும் நோட்பேடில் ஒட்டிப் பார்த்தேன். தமிழ் இல்லை. ‘யாழ்ப்பாணம்’ இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் வரிசையாக நின்றன: ஏ, எச், ஓ, அரைப்புள்ளி, ஜி, அரைப்புள்ளி, ஜி, எச், இசட், கே, அரைப்புள்ளி. பாமினியில் தட்டச்சுப் பழகியவர்கள் இதை வாசித்ததும் சிரிப்பார்கள். எங்கள் விரல்களுக்கு அதுதான் யாழ்ப்பாணம்.

பாமினி என்பது தமிழ் வேடம் போட்ட ஆங்கில எழுத்துரு. ஆங்கில ‘ஏ’ இருக்கும் அறையில் ‘ய’வின் படத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். திரையிலும் தாளிலும் தமிழாகத் தோன்றும். கணினியின் வயிற்றுக்குள் இருப்பது ஆங்கிலம். தேடுபொறி படத்தைப் பார்ப்பதில்லை, வயிற்றைத்தான் பார்க்கிறது. ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் யுனிகோட்டின், 1991இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் பக்கம் அமைக்க நான் வைத்திருந்த பேஜ்மேக்கர் மென்பொருளுக்கு யுனிகோட் தமிழ் புரியாது, அச்சகத்தாருக்கும் பாமினியே வேண்டியிருந்தது. சேரின் கட்டுரைகளை மறைத்து வைத்தவர்கள் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். அதனால் இந்த வேலைக்குக் காசு வாங்குவதில்லை என்று முடிவெடுத்தேன். சேர் அதற்கு உடன்படாமல் வாராவாரம் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தார்.

முதலில் கணக்கெடுப்பு. பையில் இருந்தவற்றையும் சேரின் நினைவையும் வைத்து ஒரு கொப்பியில் எழுதினோம். மொத்தம் 23. தமிழில் 9, ஆங்கிலத்தில் 14. தமிழில் நான் கோத்த ஆறில் நான்கின் கோப்புகள் சீடியிலிருந்து திறந்தன. மற்ற இரண்டு சீடிகளும் வெள்ளி உரிந்து போயிருந்தன. மீதி மூன்றும் எண்பதுகளில் ஈய எழுத்தில் அச்சானவை. ஆங்கிலத்தில் ஆறு வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் வந்தவை. வெளியீட்டாளரின் தளத்தில் சுருக்கம் மட்டும் தெரியும், முழுவதையும் வாசிக்கப் பணம் கட்ட வேண்டும். எட்டு உள்நாட்டுச் சஞ்சிகைகளிலும் கருத்தரங்கத் தொகுப்புகளிலும் வந்தவை. அவற்றில் ஒன்றைத் தவிர எதுவும் இணையத்தில் இல்லை.

பழையவற்றில் இரண்டுக்குச் சேரிடமே பிரதி இல்லை. போரால் ஊரே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபோது அவர் கையில் எடுத்தது கிணற்று அளவீடுகள் எழுதிய களக் கொப்பிகளைத்தான். அச்சான கட்டுரைகளுக்கு எங்காவது இன்னொரு பிரதி இருக்கும், களக் கொப்பிக்கு இருக்காது என்று அந்த நெரிசலிலும் கணக்குப் போட்டிருக்கிறார். அவர் எண்ணியது சரிதான். 2005இல் தொடங்கி ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வருடிச் சேர்த்து வரும் நூலகம் தளத்தில் அந்த இரண்டு இதழ்களும் கிடைத்தன. சேர் தன் 1983ஆம் ஆண்டுக் கட்டுரையை என் திரையில் வாசித்தார். இடையில் நான் தேநீர் கொண்டுவந்து வைத்ததையே கவனிக்கவில்லை.

அடுத்தது மாற்றும் வேலை. பாமினியை யுனிகோட்டாக மாற்ற இலவசக் கருவிகள் நிறைய உண்டு. ஒட்டினால் ஒரு நொடியில் மாறிவிடும். ஆபத்தும் அந்த ஒரு நொடியில்தான். கருவிக்கு எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்று தெரியாது. கண்ணில் பட்டதையெல்லாம் தமிழாக்கிவிடும். லீற்றருக்கு மில்லிகிராம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் ‘அபஃட’ ஆனது. நைத்திரேற்றின் இரசாயனக் குறியீடு ஓர் இரட்டைக்கொம்பும் ஒரு ‘ழு’வும் ஒரு 3உமாக நின்றது. பாமினியில் ‘இ’ இருப்பது காற்புள்ளி விசையில் என்பதால் ஆங்கில முகவரிகளில் இருந்த காற்புள்ளியெல்லாம் ‘இ’ ஆகின. ஆண்டுகளுக்கு நடுவே இருந்த சாய்கோடு ஆய்தமாகி 2004ஃ05 என்று வந்தது. இந்த ஆய்தத்தை ஈழத்து இணையத்தளங்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதை யாரும் திருத்துவதில்லை.

முதற் கட்டுரையை இப்படி மாற்றிவிட்டு, பிழைகளைக் கையால் திருத்த மூன்று நாள் ஆயிற்று. இரண்டாவதற்குப் புத்தி வந்தது. பேஜ்மேக்கரிலிருந்து வெறும் உரையாக எடுக்காமல் எழுத்துரு விவரம் அழியாத ஆர்டிஎஃப் வடிவில் எடுத்தேன். வேர்டில் எழுத்துரு வாரியாகத் தேட முடியும். பாமினி அல்லாத பகுதிகளையெல்லாம் தேடி, அவை இருந்த இடத்தில் ஓர் எண் அடையாளத்தை வைத்துவிட்டு வேறு கோப்புக்கு மாற்றினேன். எஞ்சியதைக் கருவிக்குக் கொடுத்து, பிறகு ஆங்கிலத்தைத் திரும்ப அதனதன் இடத்தில் வைத்தேன். பாமினியில் எண்களுக்கு வேடம் இல்லை என்பதால் என் அடையாள எண்கள் தப்பின. ஒரு கட்டுரைக்கு அரை நாள் போதும் என்றாகிவிட்டது.

சீடி உரிந்த இரண்டையும் தாளைப் பார்த்து மறுபடி தட்டினேன். அதில் ஒரு பிழை விட்டேன், அது பிறகு வெளியே வந்தது.

ஈய எழுத்தில் அச்சான மூன்றின் மின்வருடிய பக்கங்களையும், படத்திலுள்ள எழுத்தை வாசிக்கும் எழுத்துணரிக்குக் கொடுத்தேன். டெசரக்ட் என்ற திறந்த மென்பொருளில் தமிழ் உண்டு. புதிய அச்சை நன்றாகவே வாசிக்கிறது. எண்பதுகளின் யாழ்ப்பாண அச்சு வேறு விதம். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. இங்கே அச்சகங்களில் பழைய ஈய எழுத்துகள் அதற்குப் பிறகும் புழக்கத்தில் இருந்தன. தும்பிக்கை வைத்த ‘லை’யையும் ‘னை’யையும், வாலைச் சுருட்டிய ‘றா’வையும் ‘னா’வையும் கண்டால் மென்பொருள் தடுமாறுகிறது. வரிக்கு இரண்டு பிழையாவது இருந்தது. சேரும் நானும் முறை வைத்து ஒருவர் வாசிக்க மற்றவர் திருத்தினோம். நாற்பது வருடத்துக்கு முந்திய தன் வசனங்களைக் கேட்டு, "இவ்வளவு நீளமாக ஏன் எழுதினேன்?" என்று சேர் இரண்டு முறை கேட்டார். திருத்த அனுமதிக்கவில்லை. அச்சானது அச்சானதுதான்.

யுனிகோட் ஆக்கிப் பிடிஎஃப் செய்துவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். பழக்கத்துக்கு ஒரு வரியைப் பிரதி எடுத்து ஒட்டினேன். ‘கொ’வில் கொம்பு ‘க’வை விட்டுக் கழன்று முன்னால் தனியாக நின்றது. ‘மேற்பரப்பு’ என்ற சொல்லில் இரட்டைக்கொம்பு ‘ம’வுக்கு முன்னால் போய் நின்றது. யுனிகோட்டில் முதலில் மெய், பிறகு கொம்பு. பிடிஎஃப் சில வேளை கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வடிவங்களை அடுக்கிவிடுகிறது. ஆகவே தேடினால் சொல் அகப்படாது. மறுபடியும் அதே நோய், வேறு வடிவில். அதே கோப்பை லிப்ரே ஆபிஸில் திறந்து, அடையாளமிட்ட பிடிஎஃப் என்ற தெரிவை வைத்து ஏற்றுமதி செய்தபோது பெரும்பாலும் சரியாக வந்தது. எழுத்துருவையும் ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தது. இப்போது என் கடையில் எந்த ஆய்வேட்டையும் இந்த ஒட்டிப் பார்க்கும் சோதனை செய்யாமல் கொடுப்பதில்லை. ஒரு நிமிட வேலை.

முதற்பக்கத்தில் நான் இன்னொரு தவறும் செய்திருந்தேன். கட்டுரைகளைத் தேடுவதற்கென்று 2004இல் தொடங்கிய கூகுள் ஸ்கொலர், இணையத்தள உரிமையாளருக்குச் சில குறிப்புகள் கொடுத்திருக்கிறது. கட்டுரையின் தலைப்பு முதற்பக்கத்தில் எல்லாவற்றிலும் பெரிய எழுத்தில், உதாரணமாக 24 புள்ளியில், இருக்க வேண்டும். அதன் கீழே ஆசிரியர் பெயர் அதைவிடச் சிறிதாக, 16 முதல் 23 புள்ளிக்குள். ஒரு கோப்பில் ஒரு கட்டுரை மட்டும். கோப்பு 5 எம்பிக்கு மேற்படக் கூடாது. நானோ ஒவ்வொரு கட்டுரையின் தலையிலும் சஞ்சிகையின் பெயரை 36 புள்ளியில், இரட்டைக் கோட்டுடன் போட்டவள். எந்திரம் பெரிய எழுத்தைத் தலைப்பு என்று எடுத்துக்கொள்ளும் என்றால், ஆறு கட்டுரைகளுக்கும் ஒரே தலைப்பு! சஞ்சிகையின் பெயரைச் சிறு எழுத்தில் அடிக்கு இறக்கினேன். உசாத்துணைப் பட்டியலின் தலைப்பாக ஆங்கிலத்தில் ‘ரெஃபரன்சஸ்’ என்ற சொல்லை எதிர்பார்க்கிறார்கள். ‘உசாத்துணைகள்’ என்பதற்குப் பக்கத்தில் அதையும் எழுதினேன். கிணறுகளின் அமைவிடப் படம் மட்டும் 18 எம்பி இருந்தது. அதைச் சாம்பல் நிறமாக்கிச் சுருக்கினேன், கோடுகள் கெடவில்லை.

அச்சான பக்கத்தின் தோற்றத்தை மாற்றுவது சரியா என்று சேர் யோசித்தார். கடைசியில் அசல் பக்க எண்களைச் சதுர அடைப்புக்குள் உரையின் நடுவிலேயே கொடுத்தோம். மேற்கோள் காட்டுபவருக்கு அது போதும்.

இனிப் பெயர் விவகாரம். என் அனுபவத்தில் எங்கள் ஆட்களின் ஆய்வுகள் தொலைவதற்குப் பாமினிக்கு அடுத்த காரணம் இதுதான். யாழ்ப்பாணத்தில் அப்பாவின் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கி முன்னால் நிற்கும். உள்நாட்டுச் சஞ்சிகைகளில் சேர் அப்படியே எழுதினார். வெளிநாட்டுச் சஞ்சிகைகளின் படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. எங்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பாவின் பெயரை எழுதிவிட்டார், நியாயம்தான். அங்கே குடும்பப் பெயர்தான் முழுதாக அச்சாகும், சொந்தப் பெயர் ஓரெழுத்தாகிவிடும். விளைவு, புகையிலைத் தோட்டம் செய்து காலமான அவருடைய அப்பாவின் பெயரில் நிலத்தடி நீர் பற்றி நான்கு ஆங்கிலக் கட்டுரைகள் இருக்கின்றன. மற்ற இரண்டில் சேரின் சொந்தப் பெயர் இருந்தாலும் ஒன்றில் ‘டி’யுடன் ‘எச்’ சேர்ந்திருக்கிறது, மற்றதில் இல்லை. எந்திரத்தின் கணக்கில் மூன்று ஆட்கள்.

இதற்கு ஓர்கிட் எண் உதவுகிறது. ஆய்வாளருக்கு ஆயுள் முழுவதும் மாறாத 16 இலக்க அடையாளம், 2012இலிருந்து வழங்குகிறார்கள், இலவசம். எந்த மின்னஞ்சலும் போதும். ‘வேறு பெயர்கள்’ என்ற இடத்தில் சேரின் பெயரின் எல்லா வடிவங்களையும், தமிழ் எழுத்திலும், எழுதினோம். கடைசி இலக்கம் சரிபார்ப்பதற்கானது, முன்னால் உள்ள இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படுவது. ஒரு படிவத்தில் நான் ஒரு இலக்கத்தைப் பிழையாகத் தட்டியபோது உடனே மறுத்துவிட்டது. 

கூகுள் ஸ்கொலரில் சேருக்கு ஒரு பக்கமும் திறந்தோம். அந்தப் பக்கம் தேடலில் வர வேண்டுமானால் கல்வி நிறுவன மின்னஞ்சல் ஒன்றை உறுதிப்படுத்த வேண்டும். சேருடையது ஓய்வோடு போய்விட்டது. ஆகவே பக்கம் இருக்கிறது, தேடலில் தானாக வராது. ஓர்கிட்டில் அதன் சுட்டியை வைத்திருக்கிறோம். வேலையில் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள் என்று கடைக்கு வரும் விரிவுரையாளர்களுக்கெல்லாம் சொல்கிறேன். தலையாட்டுகிறார்கள்.

உரிமை பற்றிப் பேசியபோது சேருக்குக் கோபம் வந்தது. "என் கட்டுரையை நான் போடுவதற்கு யாரைக் கேட்க வேண்டும்?" கேட்கத்தான் வேண்டும். வெளிநாட்டுச் சஞ்சிகைகளுக்கு எழுதிக்கொடுத்த ஒப்பந்தத்தில் உரிமை வெளியீட்டாளரிடம் போய்விட்டது. ஆனால் கதவு முழுக்க மூடியிருக்கவில்லை. ஒரு கட்டுரைக்கு மூன்று பிறவி உண்டு: முதலில் அனுப்பிய பிரதி, மதிப்பீட்டுக்குப் பின் திருத்தி ஏற்றுக்கொள்ளப்பட்ட பிரதி, வெளியீட்டாளர் கோத்து அச்சிட்ட பிரதி. மூன்றாவதைப் பகிர விடாத பலர் இரண்டாவதை, சில மாதத் தவணைக்குப் பிறகாவது, பகிர விடுகிறார்கள். எந்தச் சஞ்சிகை எதை அனுமதிக்கிறது என்று ஓப்பன் பொலிசி ஃபைண்டர் என்ற பட்டியலில் பார்க்கலாம். பழைய ஆட்களுக்கு அது ஷெர்பா ரோமியோ. ஆறில் நான்குக்கு இரண்டாம் பிரதியைப் போட அனுமதி இருந்தது. அந்த நான்கில் சேரிடம் இரண்டாம் பிரதி இருந்தது இரண்டுக்கு மட்டும். அச்சானதும் பழைய தாளை யார் வைத்திருப்பார்கள்? சேரின் வீட்டில் ஒன்று கோழித்தீன் மூட்டைக்கு அடியில் கிடந்தது.

உள்நாட்டுச் சஞ்சிகைகளின் ஆசிரியர்களுக்கு எழுதிக் கேட்டோம். பெரும்பாலானவர்கள் அன்றைக்கே சரி என்றார்கள். ஒருவர், தன் கட்டுரைகளையும் இப்படிச் செய்து தர முடியுமா என்று கேட்டார். ஒரு தமிழ்க் கட்டுரையில் சேருடன் சேர்ந்து எழுதியவர் காலமாகிவிட்டார். அவருடைய குடும்பத்தினர் மெல்பேர்னில் இருக்கிறார்கள். கடிதம் போயிருக்கிறது, பதில் வரவில்லை. அதைப் போடவில்லை.

எங்கே வைப்பது? முன்பு சொன்ன அந்த ஓர் ஆங்கிலக் கட்டுரை ஒரு நிறுவனக் களஞ்சியத்தில் இருந்தது. எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை. அதன் ‘நிரந்தரச் சுட்டி’யை அழுத்தினால் எங்கும் போகவில்லை. சுட்டியின் நடுவே 123456789 என்று இருந்தது. டிஸ்பேஸ் என்ற களஞ்சிய மென்பொருளை நிறுவும்போது உதாரணத்துக்காக வரும் எண் அது. நிரந்தரச் சுட்டிகளைப் பதியும் ஹேண்டில் பதிவகத்தில் சொந்த எண் எடுத்து அதை மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் நிரந்தரச் சுட்டிகள் அனைத்தும் பெயருக்குத்தான் நிரந்தரம். உலகத்தில் பல களஞ்சியங்கள் இந்த எண்ணோடுதான் வாழ்கின்றன.

நாங்கள் செனோடோவைத் தேர்ந்தோம். ஜெனிவாவின் சேர்ன் ஆய்வுகூடம் 2013இலிருந்து நடத்துகிறது. யாரும் இலவசமாகச் சேர்க்கலாம், ஒவ்வொன்றுக்கும் டிஓஐ என்ற நிலையான எண் கிடைக்கும். ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால் அந்தப் பதிவு ஓர்கிட்டிலும் தானாக ஏறும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுச் சஞ்சிகைக் கட்டுரைக்கு ஏற்கெனவே டிஓஐ இருந்தால் அதையே எழுத வேண்டும். புதிது எடுத்தால் ஒரே பிள்ளைக்கு இரண்டு பிறப்புச் சான்றிதழ் ஆகிவிடும்.

செனோடோவோடு நிற்காமல் சேரின் பேரன் ஓர் எளிய தளமும் செய்து தந்தான். ஒரு கட்டுரைக்கு ஒரு பக்கம். அதன் மறைவான தலைப்பகுதியில் ஸ்கொலர் வாசிக்கும் ‘சைட்டேஷன்’ குறிச்சொற்கள்: தலைப்பு, ஆசிரியர், வெளியான ஆண்டு, சஞ்சிகை, பிடிஎஃப் இருக்கும் இடம். இரண்டு ஆசிரியர் என்றால் இரண்டு தனிக் குறிச்சொல். ஒன்றுக்குள் இருவரையும் அடைக்கக் கூடாது. பிடிஎஃப்பும் பக்கமும் ஒரே அடைவில் இருப்பது நல்லது. அவ்வளவுதான், இதில் பெரிய வித்தை இல்லை.

வித்தை இருந்தது சொற்களில். சேர் ‘நைத்திரேற்று’ என்று எழுதுகிறார், நாங்கள் பாடப்புத்தகத்தில் படித்த சொல். தமிழ்நாட்டில் ‘நைட்ரேட்’. இரண்டில் ஒன்றைத் தட்டுபவருக்கு மற்றது அகப்படாது. அச்சான உரையைத் தொடாமல், முதன்மைச் சொற்கள் பட்டியலில் இரண்டையும் போட்டோம். நைதரசன், நைட்ரஜன். யாழ்ப்பாணக் குடாநாடு, யாழ் தீபகற்பம். ஊர்ப்பெயர்கள் இன்னும் மோசம். சேரின் முக்கியமான கட்டுரை ஒன்று திருநெல்வேலிக் கிணறுகளைப் பற்றியது. ‘திருநெல்வேலி நிலத்தடி நீர்’ என்று தேடினால் தாமிரபரணிதான் வரும்! எங்கள் திருநெல்வேலிக்கும் அவர்களுடையதற்கும் தமிழில் ஒரே எழுத்து. சுருக்கத்தின் முதல் வரியிலேயே ‘இலங்கை, யாழ்ப்பாணம், வலிகாமம்’ என்ற மூன்று சொற்களையும் சேர்த்தோம். ஆங்கிலச் சுருக்கத்தில் வலிகாமத்தை ‘ஜி’ போட்டும் ‘கே’ போட்டும் எழுதுகிறார்கள். இரண்டையும் கொடுத்தோம்.

ஒவ்வொரு தமிழ்க் கட்டுரைக்கும் ஆங்கிலத்தில் ஒரு பக்கச் சுருக்கம் சேர் புதிதாக எழுதினார். அப்போதுதான் ஒரு சிக்கலைக் கண்டார். எண்பதுகளின் கட்டுரைகளில் அளவு நைதரசனாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது, பிந்தியவற்றில் நைத்திரேற்றாக. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அதையே நைதரசனாகச் சொன்னால் ஏறக்குறைய 11.3. பழைய கட்டுரையில் 15 என்று பார்ப்பவர், 50க்கு எவ்வளவோ கீழேதானே என்று நினைத்துத் தண்ணீரைக் குடிக்கக்கூடும். உண்மையில் அந்தக் கிணறு எல்லையைத் தாண்டியது. சுருக்கங்கள் எல்லாவற்றிலும் இரண்டு அளவையும் எழுதினார். அந்த வேலைக்கு இரண்டு கிழமை ஆயிற்று. இந்த முழு முயற்சியிலும் அந்த இரண்டு கிழமைதான் நன்றாகச் செலவானது என்பது என் எண்ணம்.

மின்னஞ்சல் முகவரி வெளியே தெரிந்ததும் சேருக்கு அழைப்புகள் குவிந்தன. மதிப்புக்குரிய பேராசிரியரே, எங்கள் பன்னாட்டுச் சஞ்சிகையில் மூன்று நாளில் வெளியிடுகிறோம், கட்டணம் இவ்வளவு டொலர். இதய அறுவைச் சிகிச்சைச் சஞ்சிகை ஒன்றும் கேட்டிருந்தது. கிணற்றுக்காரனிடம் இதயத்தைக் கேட்கிறார்கள் என்று சொல்லிச் சேர் அதை அழித்தார்.

கார்த்திகைக்குள் 18 கட்டுரைகள் ஏறிவிட்டன. பிறகு காத்திருப்பு. மார்கழி நடுப்பகுதியில் தேடினேன், 11 ஸ்கொலரில் வந்திருந்தன. பேராதனை மாணவிக்குச் சுட்டிகளை அனுப்பியிருந்தோம். அவள் இரண்டு நாளில் நன்றி எழுதினாள், கூடவே ஒரு கேள்வியும்: 2006ஆம் ஆண்டுக் கட்டுரையின் மூன்றாம் அட்டவணையில் கோண்டாவில் கிணற்றின் மாரி அளவு கோடை அளவைவிடக் குறைவாக இருக்கிறதே, உரையில் மறுதலையாகச் சொல்லியிருக்கிறீர்களே?

சேர் களக் கொப்பியைக் கொண்டுவந்தார். 1995இல் தோளில் போன அதே வரிசைக் கொப்பிகளின் தொடர்ச்சி. அச்சான பிரதி சரி, கொப்பியும் சரி. பிழை என்னுடையது. சீடி உரிந்த கட்டுரையை மறுபடி தட்டியபோது இரண்டு நிரல்களை இடம் மாற்றிவிட்டேன். பதினைந்து வருடத்துக்கு மேலாக அலுமாரியில் கிடந்த கட்டுரையை யாரோ ஓர் அட்டவணை விடாமல் வாசித்திருக்கிறாள் என்ற சந்தோசத்தில் சேர் என்னைக் கோபிக்கவில்லை. எனக்குத்தான் முகம் சுருங்கிப் போயிற்று. செனோடோவில் தலைப்பு, சுருக்கம் போன்றவற்றை எப்போதும் திருத்தலாம், ஆனால் வெளியிட்டுவிட்ட கோப்பை மாற்றப் புதிய பதிப்பு ஏற்ற வேண்டும். அதற்குத் தனி டிஓஐ வரும். எல்லாப் பதிப்புக்கும் பொதுவான ஓர் எண்ணும் உண்டு, அது கடைசிப் பதிப்புக்கே கொண்டுபோகும். நாங்கள் இப்போது அந்தப் பொது எண்ணைத்தான் எல்லோருக்கும் கொடுக்கிறோம். பழைய பதிப்பும் அழியாமல் அங்கேயே இருக்கிறது, என் பிழையோடு.

மீதி ஐந்து. மெல்பேர்ன் கடிதத்துக்குக் காத்திருப்பது ஒன்று. வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் நான்குக்கு வழியில்லை. சுருக்கத்தையும் சஞ்சிகையின் சுட்டியையும் மட்டும் சேரின் தளத்தில் போட்டு, வேண்டுபவர் மின்னஞ்சலில் கேட்கலாம் என்று எழுதியிருக்கிறோம். இதுவரை ஒருவர் கேட்டிருக்கிறார், தஞ்சாவூரிலிருந்து.

ஸ்கொலரில் வந்த பதினொன்றில் ஒன்று மட்டும் கோணல். குறிச்சொற்கள் பற்றித் தெரியாத நாளில் நான் முதன்முதல் ஏற்றிய கட்டுரை அது. அதன் முதற்பக்கத்தில் தலைப்புக்கும் சேரின் பெயருக்கும் நடுவே துறையின் பெயரை வைத்திருந்தேன், பார்வைக்கு அழகாக இருந்தது. எந்திரம் துறையையே ஆசிரியராக எடுத்துக்கொண்டது. கோப்பை மாற்றிவிட்டேன். ஆனால் ஏற்கெனவே ஏறிய பதிவு திருந்த 6 முதல் 9 மாதம், சில வேளை ஒரு வருடமும் ஆகுமாம். சேர் கடைக்கு வரும்போதெல்லாம் வாழைப்பழத்தை மேசையில் வைத்துவிட்டு அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்கிறார். பார்த்துவிட்டு, "துறையார் இன்னும் வீட்டுக்குப் போகவில்லையோ, பிள்ளை?" என்று கேட்கிறார்.